வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் பேச: பன்னாட்டுத் தொலைபேசிக் குறியீடுகளைப் பயன்படுத்தும் முழுமையான வழிகாட்டி

ஊரில் இருக்கும்போது நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் தொலைபேசி எண் பெரும்பாலும் சுருக்கப்பட்ட எண்ணே. தஞ்சாவூருக்குள் இருப்பவர் தம் வீட்டு லேண்ட்லைனை ஆறு இலக்கங்களில் சொல்லிவிடுவார். சென்னையில் இருப்பவரிடம் சொல்லும்போது 04362 என்பதை முன்னால் சேர்ப்பார். யாழ்ப்பாணத்தில் இருப்பவர் கொழும்பில் உள்ளவரிடம் 021 என்று தொடங்கிச் சொல்வார். கேட்பவரும் சொல்பவரும் ஒரே நாட்டில் இருக்கும்வரை இந்தச் சுருக்கத்தால் தொல்லை இல்லை. ஒருவர் துபாய்க்கோ டொராண்டோவுக்கோ சிங்கப்பூருக்கோ போய் இறங்கி, புதிய சிம்மைப் போட்டு, அதே எண்ணை அப்படியே அழுத்திப் பார்க்கும்போதுதான், அந்த எண்ணுக்கு இதுவரை காட்டாத ஒரு முற்பகுதியும் உண்டு என்பது தெரியவருகிறது.

வாட்ஸ்அப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பொத்தான் கைபேசி மட்டும் வைத்திருக்கும் பெற்றோர், இணையம் விட்டுவிட்டு வரும் ஊர், லேண்ட்லைன் மட்டுமே உள்ள மருத்துவமனை, பள்ளி, வங்கிக் கிளை, காவல் நிலையம் ஆகிய அனைத்துக்கும் சாதாரண அழைப்பே வழி. அது தவிர, வாட்ஸ்அப்பும் ஒருவரை அடையாளம் காண்பது முழுப் பன்னாட்டு எண்ணைக் கொண்டுதான். ஆகவே எண்ணின் அமைப்பை ஒருமுறை புரிந்துகொண்டால் எந்த நாட்டுக்குப் போனாலும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

எண்ணின் நான்கு பகுதிகள்

வெளிநாட்டிலிருந்து அழைக்கும் எண் நான்கு பகுதிகளால் ஆனது. முதலாவது, நாம் இருக்கும் நாட்டை விட்டு அழைப்பை வெளியே அனுப்பும் முன்னெண். இரண்டாவது, அழைப்பு போய்ச் சேர வேண்டிய நாட்டின் குறியீடு. மூன்றாவது, அந்த நாட்டுக்குள் ஊரைக் காட்டும் ஏரியா கோடு, பழக்கத்தில் எஸ்.டி.டி. கோடு என்று சொல்கிறோம். நான்காவது, சந்தாதாரரின் சொந்த எண். கைபேசிக்கு மூன்றாவது பகுதி தனியாக இருப்பதில்லை.

இந்த நான்கில், அழைப்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்து மாறுவது முதல் பகுதி மட்டுமே. மற்ற மூன்றும் உலகின் எந்த மூலையிலிருந்து அழைத்தாலும் ஒன்றுதான். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். லண்டனில் இருக்கும் தம்பி அழைக்கும் விதமும் டொராண்டோவில் இருக்கும் அக்கா அழைக்கும் விதமும் வேறுபடுவது அந்த முதல் இரண்டு மூன்று இலக்கங்களில்தான்.

நாட்டுக் குறியீடுகளை வகுத்துப் பராமரிப்பது ஜெனீவாவில் தலைமையகம் கொண்ட பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம். அதன் ஈ.164 என்னும் பரிந்துரைப்படி, நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து ஓர் எண் 15 இலக்கங்களுக்கு மேல் போகக் கூடாது. முன்னெண் இந்தக் கணக்கில் சேராது. குறியீட்டின் முதல் இலக்கம் உலகின் எந்தப் பகுதி என்பதை ஏறத்தாழக் காட்டிவிடும்: 1 என்றால் அமெரிக்காவும் கனடாவும் கரீபியன் தீவுகள் பலவும், 2 பெரும்பாலும் ஆப்பிரிக்கா, 3, 4 ஐரோப்பா, 5 தென் அமெரிக்காவும் நடு அமெரிக்காவும், 6 தென்கிழக்கு ஆசியாவும் ஆஸ்திரேலியாவும், 7 ரஷ்யாவும் கஜகஸ்தானும், 8 கிழக்கு ஆசியா, 9 மேற்கு ஆசியாவும் தெற்காசியாவும். இந்தியாவின் 91, இலங்கையின் 94, மியான்மரின் 95 ஆகியவை ஒரே வரிசையில் இருப்பதும், ஐக்கிய அரபு அமீரகத்தின் 971, ஓமானின் 968, கத்தாரின் 974 ஆகியவையும் அதே ஒன்பதில் தொடங்குவதும் இதனால்தான். மலேசியாவின் 60, சிங்கப்பூரின் 65, ஆஸ்திரேலியாவின் 61 ஆகிய மூன்றும் ஆறில் தொடங்குகின்றன.

ஒரு நாட்டின் குறியீடு மற்றொரு நாட்டின் குறியீட்டுக்குத் தொடக்கமாக இருக்காது என்பது இந்த ஏற்பாட்டின் சிறப்பு. 91 என்று இரண்டு இலக்கங்களை வாங்கியதுமே இணைப்பகம் இது இந்தியா என்று முடிவு செய்துவிடலாம். 97 என்று வந்தால் மூன்றாவது இலக்கத்துக்காகக் காத்திருக்கும். பகுதிகளுக்கு இடையே கோடோ இடைவெளியோ இல்லாமல் எண்ணை ஒரே மூச்சில் அழுத்த முடிவது இதனால்தான்.

முதல் படி: வெளியே செல்லும் முன்னெண்

உலகின் பெரும்பகுதியில் இந்த முன்னெண் 00. ஐரோப்பிய நாடுகள், வளைகுடா நாடுகள், மலேசியா, நியூசிலாந்து, இந்தியா, இலங்கை ஆகிய எல்லா இடங்களிலும் 00 செல்லும். பிரிட்டனில் முன்பு 010 இருந்தது. 1995 ஏப்ரலில் அதுவும் 00 ஆக மாறிவிட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 011. ஆஸ்திரேலியாவில் 0011. ஜப்பானில் 010.

சிங்கப்பூர் தனி வகை. அங்கே எந்த நிறுவனத்தின் வழியாக அழைப்பு போக வேண்டும் என்பதையும் முன்னெண்ணே தீர்மானிக்கிறது. சிங்டெல்லுக்கு 001, எம்1 நிறுவனத்துக்கு 002, ஸ்டார்ஹப்புக்கு 008 என்பவை முதன்மை வழிகள். இவற்றைத் தவிர 019, 018, 021 போன்ற மலிவு வழிகளும் வழக்கில் இருந்து வருகின்றன. ஒரே ஊருக்கு ஒரே கைபேசியிலிருந்து பேசினாலும் எந்த முன்னெண்ணை அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்துக் கட்டணம் வேறுபடக்கூடும். எனவே சிங்கப்பூரில் சிம் வாங்குபவர், "இந்தியாவுக்கு எந்த நம்பரில் தொடங்கினால் இந்தத் திட்டத்தின் நிமிடம் கழியும்?" என்று கடையிலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அங்கிருந்து மலேசியாவுக்கு மட்டும் 020 என்ற தனிக் குறுக்குவழி உண்டு. ஜொகூரிலிருந்து வந்து சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்குப் பேச அதைப் பயன்படுத்துகிறார்கள்.

இந்த முன்னெண்களையெல்லாம் மனப்பாடம் செய்யாமல் இருக்கவும் வழி இருக்கிறது. கைபேசியில் 0 பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால் + என்னும் குறி தோன்றும். பிளஸ் குறியுடன் தொடங்கும் எண்ணைக் கைபேசி 'இது முழுப் பன்னாட்டு எண்' என்ற குறிப்போடு வலையமைப்புக்கு அனுப்புகிறது. அந்த நாட்டுக்குரிய வழியை வலையமைப்பே பார்த்துக்கொள்கிறது. ஆகவே +91 என்று தொடங்கும் எண் குவைத்திலும் செல்லும், மெல்போர்னிலும் செல்லும், ஊருக்குத் திரும்பிவந்து மதுரையில் நின்று அழைத்தாலும் செல்லும். சிங்கப்பூரில் மட்டும் பிளஸ் போட்டால் அழைப்பு எந்த வழியில் போகும், அதன் கட்டணம் என்ன என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. பிளஸ் குறி இல்லாத லேண்ட்லைன், விடுதி அறைத் தொலைபேசி, அலுவலகத் தொலைபேசி ஆகியவற்றில் அந்தந்த நாட்டின் முன்னெண்ணை அழுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

அலுவலகத்திலும் விடுதியிலும் வெளி இணைப்புக்காக முதலில் 9 அல்லது 0 அழுத்தச் சொல்வார்கள். வட அமெரிக்காவில் இங்கேதான் எச்சரிக்கை தேவை. வெளி இணைப்புக்கு 9, அதன்பின் 011, அதன்பின் 91 என்பது சரியான வரிசை. அவசரத்தில் நடுவிலிருக்கும் சுழியை விட்டுவிட்டால் விரல் அழுத்தியது 911 ஆகிவிடும். அது அங்கே காவல்துறை, தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்குமான அவசர எண். அப்படித் தவறி இணைந்துவிட்டால் பயந்து துண்டிக்காமல், தவறுதலாக அழைத்துவிட்டதாகவும் ஆபத்து ஏதுமில்லை என்றும் சொல்லிவிட்டு வைப்பதே முறை. பேசாமல் வைத்துவிட்டால் அவர்கள் திரும்ப அழைப்பார்கள். விசாரிக்க ஆள் வரவும் கூடும்.

இரண்டாம் படி: முன்னால் நிற்கும் சுழியை விடுதல்

தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சுழியால் வருகின்றன. 044, 0452, 021, 077 என்று நாம் சொல்லும்போது முன்னால் வரும் 0 ஊர்க் குறியீட்டின் பகுதி அன்று. அது உள்நாட்டில் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு அழைப்பதை இணைப்பகத்துக்கு அறிவிக்கும் குறி. நாட்டுக் குறியீட்டைச் சேர்த்துவிட்ட பிறகு அந்த அறிவிப்புக்கு வேலை இல்லை. ஆகவே சென்னை +91 44 ஆகும். மதுரை +91 452. கோயம்புத்தூர் +91 422. திருச்சி +91 431. திருநெல்வேலி +91 462. கும்பகோணம் +91 435. புதுச்சேரி +91 413. தஞ்சாவூர் +91 4362. நாகர்கோவில் +91 4652. காரைக்குடி +91 4565. இராமநாதபுரம் +91 4567. இலங்கையில் கொழும்பு +94 11, யாழ்ப்பாணம் +94 21, மன்னார் +94 23, வவுனியா +94 24, திருகோணமலை +94 26, மட்டக்களப்பு +94 65, கண்டி +94 81, நுவரெலியா +94 52.

இந்தியக் கைபேசி எண்ணுக்கு இயல்பாகச் சுழி கிடையாது. 6, 7, 8, 9 ஆகிய இலக்கங்களில் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கங்களை அப்படியே +91க்குப் பின்னால் இடலாம். 2021 ஜனவரி 15 முதல் இந்தியாவில் லேண்ட்லைனிலிருந்து கைபேசியை அழைப்பவர்கள் 0 சேர்க்க வேண்டும் என்று விதி வந்ததால், வீட்டு டைரிகளில் பலர் கைபேசி எண்களையும் சுழியோடு எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து எண்ணைப் பார்த்துப் படிக்கும் அம்மா அந்தச் சுழியையும் சேர்த்தே படிப்பார். கேட்பவர்தான் அதை விட்டுவிட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இலங்கைக் கைபேசி எண்கள் உள்நாட்டில் 07 என்றே தொடங்குவதால் அங்கே சுழியை விடுவது எப்போதும் அவசியம். 077 என்பது +94 77 ஆகிறது.

எண் சரியா என்று சோதிக்க எளிய வழி இலக்கங்களை எண்ணிப் பார்ப்பதுதான். இந்தியாவில் 91க்குப் பின்னால் சரியாகப் பத்து இலக்கங்கள் வர வேண்டும். ஊர்க் குறியீடு நீளமாக இருந்தால் வீட்டு எண் குட்டையாக இருக்கும்: சென்னையில் 2 + 8, மதுரையில் 3 + 7, தஞ்சாவூரில் 4 + 6. இலங்கையில் 94க்குப் பின்னால் சரியாக ஒன்பது. 2 + 7. இந்தக் கணக்கில் ஓர் இலக்கம் கூடினால் பெரும்பாலும் சுழி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஓர் இலக்கம் குறைந்தால், எண் மிகப் பழையதாக இருக்கலாம்: 2000களின் தொடக்கத்தில் சென்னையின் ஏழு இலக்க எண்களுக்கு முன்னால் 2 சேர்க்கப்பட்டது. பழைய முகவரிப் புத்தகத்தில் ஏழு இலக்கங்களோடு இருக்கும் சென்னை எண்ணுக்கு 2 சேர்த்து ஒருமுறை முயன்று பார்க்கலாம். ஆனால் லேண்ட்லைனையே விட்டுவிட்ட வீடுகள் இன்று அதிகம்.

சுழியை விட வேண்டும் என்ற விதிக்கு இத்தாலி விலக்கு. அங்கே லேண்ட்லைன் எண்ணின் சுழி எண்ணின் பகுதியாகவே கருதப்படுவதால், வெளிநாட்டிலிருந்து அழைக்கும்போதும் அதை அழுத்த வேண்டும். ஈழத்தமிழர் கணிசமாக வாழும் பலெர்மோ நகரின் குறியீடு 091. ஊரிலிருந்து அழைப்பவர் +39 091 என்று தொடங்க வேண்டும்.

சில முழு எடுத்துக்காட்டுகள்

கீழே வட்டம் இட்டிருக்கும் இடங்கள் சந்தாதாரரின் எண்ணைக் குறிக்கும்.

டொராண்டோவில் உள்ள லேண்ட்லைனிலிருந்து தஞ்சாவூர் வீட்டு லேண்ட்லைனுக்கு: 011 91 4362 ○○○○○○. துபாயில் உள்ள கைபேசியிலிருந்து இந்தியக் கைபேசிக்கு: 00 91 98○○○ ○○○○○, அல்லது +91 98○○○ ○○○○○. லண்டனிலிருந்து யாழ்ப்பாண லேண்ட்லைனுக்கு: 00 94 21 ○○○ ○○○○. சிட்னியிலிருந்து இலங்கைக் கைபேசிக்கு: 0011 94 77 ○○○ ○○○○. கைபேசியிலிருந்து அழைப்பவர் எல்லோரும் முதல் பகுதிக்குப் பதிலாகப் பிளஸ் இட்டால் போதும்.

ஒன்றுபோல் தோன்றி ஏமாற்றும் எண்கள்

குறியீடுகள் வேறு வேறு காலத்தில் வேறு வேறு நிறுவனங்களால் வகுக்கப்பட்டவை. ஆகையால் தற்செயலான ஒற்றுமைகள் பல நேர்ந்திருக்கின்றன. தமிழர்களுக்கு நெருக்கமான ஊர்களையே இவை குறிவைத்தாற்போல் அமைந்திருப்பது வேடிக்கைதான்.

சென்னையின் ஊர்க் குறியீடு 44. பிரிட்டனின் நாட்டுக் குறியீடும் 44. லண்டனில் இருக்கும் மகனின் எண் '44' என்று தொடங்குவதாக எழுதி வைத்திருக்கும் சென்னைத் தந்தை, பழக்கத்தின் காரணமாக அதன் முன்னால் ஒரே ஒரு சுழி சேர்த்து 044 என்று அழுத்தினால், இணைப்பகம் சென்னையிலேயே ஓர் எண்ணைத் தேடத் தொடங்கும். இரண்டு சுழிகள் இருந்தால்தான் அது கடலைக் கடக்கும்.

011 என்பது கொழும்புக்கும் டெல்லிக்கும் உள்நாட்டுக் குறியீடு. வட அமெரிக்காவில் அதுவே நாட்டை விட்டு வெளியேறும் முன்னெண். கொழும்பு எண் ஒன்றை 011 2○○ ○○○○ என்று உள்நாட்டு வடிவத்திலேயே சேமித்து வைத்திருப்பவர், டொராண்டோவில் போய் அதை அழுத்தினால், அங்குள்ள வலையமைப்பு 011ஐ முன்னெண்ணாக எடுத்துக்கொண்டு, அடுத்து வரும் 2ஐப் பெரும்பாலும் ஆப்பிரிக்க நாடு ஒன்றின் குறியீட்டுத் தொடக்கமாகப் படிக்கும். சரியான வடிவம் 011 94 11 2○○ ○○○○. ஒரே எண்ணில் 11 இருமுறை வருவதைக் கண்டு, கூடுதலாக விழுந்துவிட்டது என்று ஒன்றை நீக்கிவிடுவோரும் உண்டு.

091 காலி நகரின் உள்நாட்டுக் குறியீடு. 0091 இந்தியாவுக்கான வழி. இலங்கைக்குள் இருந்துகொண்டு இந்தியாவுக்கு அழைக்கும்போது ஒரு சுழி குறைந்தால் அழைப்பு காலிப் பக்கம் திரும்பும்.

இவை எல்லாவற்றிலும் நுட்பமானது 001 என்பதுதான். சிங்கப்பூரில் 001 ஒரு நிறுவனத்தின் முன்னெண் என்று பார்த்தோம். அங்கே 001 91 9○○○ என்று வீட்டு எண்ணைச் சேமித்து வைத்திருந்தவர் வேலை மாறி வளைகுடாவுக்கோ ஐரோப்பாவுக்கோ போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே 00 தான் முன்னெண். ஆகவே வலையமைப்பு அதை 00, 1, 919 என்று பிரித்துப் படிக்கிறது: 1 வட அமெரிக்கா, 919 வட கரோலினாவின் ராலி நகரப் பகுதி. முதல் பத்து இலக்கங்களோடு எண் முழுமையடைந்துவிடுவதால், மீதமுள்ள இலக்கங்கள் பயனற்றுப் போய், முன்பின் தெரியாத ஓர் அமெரிக்க வீட்டில் மணி அடிக்கவும் கூடும். முன்னெண்ணோடு சேர்த்து எண்ணைச் சேமிக்கவே கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

சேமிக்கும் முறை

ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே கைபேசியில் உள்ள முக்கியமான எண்களையெல்லாம் +91 அல்லது +94 வடிவத்துக்கு மாற்றிவிடுவது நல்லது. இதனால் ஊரில் இருக்கும் நாட்களில் எந்த இடைஞ்சலும் வராது. உள்நாட்டு அழைப்பு உள்நாட்டு அழைப்பாகவே போகும், கட்டணமும் மாறாது. பத்து இலக்கங்கள் மட்டும் சேமிக்கப்பட்ட எண்ணை வெளிநாட்டுச் சிம்மிலிருந்து அழைத்தால் அந்த நாட்டின் உள்ளூர் எண்ணாகவே அது எடுத்துக்கொள்ளப்படும். வாட்ஸ்அப்பிலும் இதே கதைதான்: நாட்டுக் குறியீடு இல்லாத எண்ணை அது நம் கணக்கு பதிவாகியிருக்கும் நாட்டின் எண்ணாகக் கருதுகிறது. வெளிநாட்டு எண்ணுக்குக் கணக்கை மாற்றிய அன்றே தொடர்புப் பட்டியலிலிருந்து பாதிப் பேர் காணாமல் போவதற்குக் காரணம் இதுவே.

சில கைபேசிகளில், வெளிநாட்டில் இருக்கும்போது குறியீட்டைத் தாமாகவே சேர்த்து உதவும் அமைப்பு உண்டு. ஐபோனில் அது 'டயல் அசிஸ்ட்' என்ற பெயரில் இருக்கிறது. எண்கள் முழு வடிவத்தில் இருந்தால் இந்த உதவி தேவையில்லை. சரியாக அழுத்திய எண்ணும் போகாமல் முரண்டு பிடித்தால் அதை அணைத்துவிட்டு முயன்று பார்க்கலாம்.

திருமண அழைப்பிதழ், கடைப் பை, முகவரி அட்டை ஆகியவற்றில் +91-(0)44 என்றும் +91-044 என்றும் அச்சிடும் வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. முதல் வடிவம் படிப்பவரைக் குழப்புகிறது. இரண்டாவது வெறும் பிழை. வெளிநாட்டு உறவினர்களுக்கும் போகும் அழைப்பிதழ் என்றால் +91 44 ○○○○ ○○○○ என்று இடைவெளி மட்டும் விட்டு அச்சிடச் சொல்லலாம்.

எந்த வழியில் அழைப்பது

முன்பு ஸ்கார்பரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் பாரிஸின் லா ஷாப்பெலிலும் தமிழ்க் கடைகளின் முகப்பில் தொலைபேசி அட்டைகள் தொங்கிக்கொண்டிருக்கும். அட்டையில் அச்சிட்ட உள்ளூர் எண்ணை அழைத்து, சுரண்டி எடுத்த ரகசிய எண்ணைக் கொடுத்து, அதன்பின் ஊர் எண்ணை அழுத்த வேண்டும். அந்த முறை இன்னும் சில இடங்களில் இருக்கிறது. மூன்றாம் கட்டத்தில் முன்னெண்ணையும் சேர்ப்பதா, நாட்டுக் குறியீட்டிலிருந்து தொடங்குவதா என்பது அட்டைக்கு அட்டை வேறுபடும் என்பதால் அட்டையின் பின்புறத்தைப் படித்துவிடவும்.

ஊர்ச் சிம்மையே ரோமிங்கில் வைத்திருப்பவர் +91 சேர்த்தே அழைக்க வேண்டும். ரோமிங் பொதி இல்லாமல் பேசினால் கட்டணம் மிக அதிகம். வெளிநாட்டில் இருக்கும்போது வரும் அழைப்பை எடுத்தாலும் எடுத்தவர் கணக்கில் பணம் கழியும். ஊரில் இருப்பவர் வழக்கமான பத்து இலக்கங்களை அழைப்பதால், நம் பணம் கரைவது அவருக்குத் தெரியவே தெரியாது. ரோமிங் சிம்மை வங்கிக் குறுஞ்செய்திக்காக மட்டும் வைத்துக்கொண்டு, பேசுவதற்கு அந்த நாட்டின் சிம்மையோ இணையத்தையோ பயன்படுத்துவதுதான் என் பார்வையில் சிக்கனம்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்தி செல்லும். குரல் அழைப்பும் காணொளி அழைப்பும் தடுக்கப்பட்டுள்ளன. அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலிகளையோ சாதாரண அழைப்பையோதான் நம்ப வேண்டும். வி.பி.என். போட்டுத் தடையைத் தாண்டுவது அங்கே சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடக்கூடும். சவூதி அரேபியா 2017இல் இத்தகைய தடையைத் தளர்த்தியது.

நம்ப முடியாத மலிவு விலையில் பேச வைக்கும் வழிகளில் ஒரு சந்தேகம் எப்போதும் இருக்கட்டும். நாம் அபுதாபியிலிருந்து அழைத்திருக்க, வீட்டில் ஏதோ ஓர் இந்தியக் கைபேசி எண் தெரிந்தால், அழைப்பு முறையான பாதையில் வரவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து வந்தும் +91 எண்போல் வேடமிடும் அழைப்புகளைத் தடுக்க இந்திய அரசு 2024 அக்டோபரில் ஓர் அமைப்பைத் தொடங்கியது.

வெளிநாட்டிலிருந்து எட்டாத எண்கள்

1800, 1860 என்று தொடங்கும் இந்தியச் சேவை எண்கள் பொதுவாக வெளிநாட்டிலிருந்து கிடைப்பதில்லை. வங்கிகள் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கென்று சாதாரண வடிவில் தனி எண் தருகின்றன. அது பெரும்பாலும் வங்கி அட்டையின் பின்புறத்திலோ இணையதளத்திலோ இருக்கும். அட்டை தொலைந்த பிறகு தேடுவதைவிட இன்றே குறித்து வைப்பது மேல்.

இதைவிட முக்கியமானது அவசர எண்கள். 112, 108, 100 ஆகியவை அழைப்பவர் இருக்கும் இடத்தைச் சார்ந்தவை. லண்டனில் நின்று 112 அழைத்தால் லண்டனின் அவசரச் சேவைதான் எடுக்கும். +91 சேர்த்து 108 அழுத்தினாலும் தமிழ்நாட்டு ஆம்புலன்ஸ் கிடைக்காது. ஊரில் தனியாக இருக்கும் பெற்றோருக்காக வெளிநாட்டில் இருப்பவர் வைத்திருக்க வேண்டியவை வேறு: வீட்டுக்கு மிக அருகிலுள்ள காவல் நிலையத்தின் லேண்ட்லைன், குடும்ப மருத்துவர், பக்கத்து மருத்துவமனை, தெருவில் நடந்தே வந்து கதவைத் தட்டக்கூடிய இரண்டு அண்டை வீட்டார், வழக்கமாக வரும் ஆட்டோக்காரர். இவை அனைத்தும் +91 வடிவத்தில் இருக்க வேண்டும். அண்டை வீட்டாரின் எண்ணுக்கு நிகரான அவசர எண் வேறில்லை. 108ஐ அவர் அங்கிருந்து அழைத்துவிடுவார்.

நேரம்

இந்தியாவும் இலங்கையும் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. நாம் வளைகுடாவில் இருந்தால் ஊர் முன்னால் இருக்கும்: துபாயைவிட ஒன்றரை மணி, ரியாத், தோஹா, குவைத்தைவிட இரண்டரை மணி. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருந்தால் ஊர் இரண்டரை மணி பின்னால். லண்டனில் இருந்தால் ஊர் மறுபடியும் முன்னால்: கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை. டொராண்டோவிலும் நியூயார்க்கிலும் அதேபோல் ஒன்பதரையும் பத்தரையும். ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறன்றும் அக்டோபர் கடைசி ஞாயிறன்றும் கடிகாரத்தை மாற்றுகிறது. வட அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும் நவம்பர் முதல் ஞாயிறன்றும். லண்டன் அண்ணன், டொராண்டோ தங்கை, ஊரில் அம்மா என்று மூவரும் சேர்ந்து பேசும் குடும்பங்களில் இந்த இடைப்பட்ட வாரங்களில் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் தப்பி வருவது வழக்கம்.

ஊரிலிருந்து நம்மை அழைக்க

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒருமுறை சொல்லிக் கொடுத்தால்தான் வேலை முழுமையாகும். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் 00 அல்லது பிளஸ், அதன்பின் நாம் இருக்கும் நாட்டின் குறியீடு, அதன்பின் சுழி நீக்கிய எண். அமீரகத்தில் 050 என்று சொல்லப்படும் கைபேசி +971 50 ஆகும். சவூதியில் 05 என்பது +966 5 ஆகும். பிரிட்டனில் 07 என்பது +44 7 ஆகும். சிங்கப்பூர், கத்தார், குவைத், ஓமான், பஹ்ரைன் எண்களுக்கு நீக்க வேண்டிய சுழியே கிடையாது. குறியீட்டுக்குப் பின்னால் எட்டு இலக்கங்கள் அப்படியே வரும். கனடா, அமெரிக்க எண்கள் +1க்குப் பின்னால் பத்து இலக்கங்கள்.

வீட்டுத் தொலைபேசியில் ஐ.எஸ்.டி. என்னும் வெளிநாட்டு அழைப்பு வசதி திறந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். வசதி இல்லாத இணைப்பிலிருந்து மிஸ்டு கால்கூட வந்து சேராது. ஊரில் இருப்பவரோ மணி அடித்ததாகவும் நாம்தான் எடுக்கவில்லை என்றும் நினைத்துக்கொண்டிருப்பார். நம் வெளிநாட்டு எண்ணை அவர்கள் கைபேசியில் பிளஸ் வடிவத்தில் பெயரோடு பதிந்து வைப்பது இன்னொரு வகையிலும் பயன்படும். தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரே ஒரு மணி அடித்து நின்றுவிடும் அழைப்புகள் பல, ஆவலில் திரும்ப அழைப்பவரின் பணத்தைப் பறிப்பதற்காகவே வருபவை. பெயர் தெரிந்தால் எடுங்கள், வெறும் எண் மட்டும் தெரிந்தால் திரும்ப அழைக்காதீர்கள் என்ற ஒரே விதி வயதானவர்களுக்குப் போதும். பதிந்த பிறகு, நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டு அவர்களையே ஒருமுறை அழைக்கச் சொல்ல வேண்டும். அந்த ஓர் அழைப்புக்கு ஆகும் கட்டணத்தில், எண் சரியாகப் பதிந்திருக்கிறதா, வசதி திறந்திருக்கிறதா, அவர்களுக்கு அழைக்கத் தெரிகிறதா என்ற மூன்றும் தெரிந்துவிடும்.